24 இன்ச்சா, 36 இன்ச்சா, ஸ்கேனரும் சேர்த்தா? சின்ன டிராயிங் ஆபீசுக்கு பிளாட்டர் வாங்குவது

2024 ஜூன் 9 (கேள்வி)

திருவாரூரில் தனியாக ஆபீஸ் போட்டு நாலு மாதம் ஆகிறது. நான், ஒரு டிராஃப்ட்ஸ்மேன், ஒரு பையன். வீட்டு பிளான், லேஅவுட், கொஞ்சம் சர்வே வேலை. பெரிய தாளில் டிராயிங் அடிக்கும் பிளாட்டர், 36 இன்ச் அகலத்தில், ஸ்கேனரும் ஒன்றாக வருவதை வாங்கிவிட்டால் பிறகு எதற்கும் வெளியே ஓட வேண்டாம் என்று நினைக்கிறேன். கடனில்தான் வாங்க வேண்டும். மக்கர் பண்ணாத மிஷின் எது சார்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

2024 ஜூன் 9, இரவு

தம்பி, திண்டுக்கல்லில் இருபது வருடமாக எனக்கும் இதே பிழைப்பு. என் பிளாட்டர் இந்தப் பொங்கலோடு போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து நானும் இதே கேள்வியோடுதான் அலைகிறேன்.

போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2016-ல் வாங்கிய 24 இன்ச். கம்பெனி பேர் வேண்டாம், தப்பில் பாதி என்னுடையது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பொறுப்பானவன் மாதிரி மெயினையே அணைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தது பதினோராம் நாள். முதல் தாளில் கறுப்புக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகக் கோடு. இங்க்கைத் தெளிக்கும் ஹெட்டுக்கு கிளீனிங் போட்டேன். மறுபடி போட்டேன். ஏழாவது தடவை கறுப்பு சரியாக வந்தது, அதற்குள் இங்க் தீர்ந்துவிட்டது. புது இங்க் போட்டால் மஞ்சள் அடைத்துக்கொண்டது. ஹெட் மாற்ற ஒரு விலை சொன்னார்கள். கேட்டுவிட்டு மிஷினுக்கு மாலை போட்டுவிட்டேன்.

இங்க்ஜெட்டை அணைக்கவே கூடாது. தூங்க விட்டால் அதுவே அவ்வப்போது எழுந்து வாயைக் கொப்பளித்துக்கொள்ளும். கரண்ட் ஒன்றும் பெரிதாக இழுக்காது.

உங்கள் கேள்விக்கு: ஸ்கேனரோடு சேர்ந்ததையே வாங்குங்கள். ஒரே இடம், ஒரே சர்வீஸ்.

2024 ஜூன் 11

அகலத்தைப் பற்றி எழுதாமல் விட்டேன். ஏ1 தாள் 594-க்கு 841 மி.மீ. 24 இன்ச் ரோல் 610 மி.மீ. ஆக ஏ1 அடங்கும், பக்கத்தில் 16 மி.மீ. மிச்சம். ஏ0 வேண்டுமென்றால் அகலமே 841. அதற்கு 36 இன்ச் ரோல், அதாவது 914 மி.மீ. வேண்டும்.

ஏ0 எத்தனை தடவை அடிக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். நான் என் பில் புத்தகத்தைப் புரட்டினேன். போன வருடம் முழுக்க ஏ0 பதினாலு. அதில் ஒன்பது ஒரே லேஅவுட்டுக்கு, திருத்தித் திருத்தி.

2024 ஜூன் 12

மேலே ஒருவர் கேட்டிருப்பது நியாயமான கேள்வி: 24 இன்ச் ரோலும் 50 மீட்டர், 36 இன்ச் ரோலும் 50 மீட்டர், எதில் லாபம்? 24-ல் ஏ1 நீளவாட்டில் ஓடும். 50 மீட்டரை 0.841-ஆல் வகுத்தால் 59 தாள். 36-ல் படுக்கப் போட்டு அடிக்கலாம், அப்போது 594 மட்டும்தான் ஓடும், 84 தாள். ஆனால் ஒவ்வொரு தாளிலும் பக்கவாட்டில் 73 மி.மீ. வெட்டி எறிய வேண்டும். அந்தக் கீற்றை எங்கள் ஆபீசில் சைட்டுக்கு ஃபோன் நம்பர் எழுதிக் கொடுக்க வைத்திருப்போம். அதைத் தவிர அதற்கு உபயோகம் கிடையாது.

2024 ஜூன் 20

கணக்கு. எங்கள் ஊர் பிரிண்ட் கடையில் ஏ1 கறுப்பு வெள்ளை 50 ரூபாய். சொந்த மிஷினில் பேப்பர் 11, இங்க் கோட்டு வேலைக்கு ஒரு 7, ஆக 18. தாளுக்கு 32 மிச்சம். எனக்கு வந்த 24 இன்ச் கொட்டேஷன் வரியோடு 1,12,000. வகுத்தால் 3,500 தாள். மாதம் நூறு தாள் என்றால் 35 மாதம். மூணு வருடம் போட்ட காசை எடுக்கவே ஓடுகிறது. 36 இன்ச்சும் ஸ்கேனரும் சேர்ந்ததற்கு வந்த கொட்டேஷனை இங்கே எழுதவில்லை. வீட்டில் இதைப் படிக்கிறார்கள்.

2024 ஜூன் 21

நேற்றைய கணக்கில் இரண்டு ஓட்டை.

ஒன்று, கடைக்குப் போய்வரும் பையனின் பெட்ரோலையும் அவன் டீ குடித்த நேரத்தையும் சேர்க்கவில்லை. ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் 18 சதவீத வரியைக் கழித்துக்கொள்ளலாம், 1,12,000-ல் அது 17,000 சொச்சம். இதெல்லாம் மிஷினுக்கு ஆதரவு.

இரண்டாவது எதிர்ப்பக்கம். கடைக்கு அனுப்பும்போது கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துத்தான் அனுப்புவோம். மிஷின் பக்கத்திலேயே இருந்தால் "அடிச்சுப் பார்த்துக்கலாம் சார்" என்று பையன் பொத்தானை அமுக்குவான். பழைய மிஷின் இருந்த காலத்தில் நூறு தாள் வேலைக்கு நூற்று முப்பது தாள் போனது. இது எந்தக் கொட்டேஷனிலும் வராது.

2024 ஜூலை 3

இங்க் பற்றிக் கேட்டவருக்கு. சாயம் கரைந்த இங்க் வேறு, பொடி கலந்த பிக்மென்ட் இங்க் வேறு. கடையில் பார்க்க இரண்டும் ஒன்றுதான். சைட்டில்தான் தெரியும்.

போன வருடம் வத்தலக்குண்டு பக்கம் ஒரு வீடு. பிளம்பிங் டிராயிங்கில் தண்ணீர் லைன் நீலம், கழிவு லைன் சிவப்பு என்று அழகாக அடித்துக் கொடுத்தேன். மேஸ்திரி அதை கான்கிரீட் ஸ்லாபுக்கு மேல் விரித்து, பறக்காமல் இருக்க ஈரச் செங்கல்லை வைத்திருக்கிறார். கான்கிரீட் இறுக ஊற்றும் கியூரிங் தண்ணீர் வேறு. நான் போனபோது நீலமும் சிவப்பும் சேர்ந்து கத்தரிக்காய் நிறத்தில் ஒரு குளம். கறுப்புக் கோடு மட்டும் அப்படியே நின்றது. "சார், ரெண்டு பைப்பையும் ஒண்ணா ஜாயிண்ட் பண்ணிரவா?" என்று கேட்டார், சிரிக்காமல்.

எச்.பி. டி230, டி250, டி630-க்கு வரும் 712 கார்ட்ரிட்ஜில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், மூணு கலரும் சாயம். கேனன் டி.எம். வரிசையிலும் டி.சி.20-லும் எல்லாமே பிக்மென்ட். கறுப்பு வெள்ளை மட்டும் அடிக்கிறவர் இதற்காகத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். சைட் டிராயிங்கில் கலர் போடுகிறவர் கடையிலேயே ஒரு தாள் அடிக்கச் சொல்லி, காய்ந்ததும் விரலை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், முறைக்கட்டும்.

ஹெட் விஷயம். எச்.பி., கேனன் இங்க்கைச் சூடாக்கித் தெறிக்க வைப்பவை. எப்சனில் சூடு கிடையாது, பியசோ என்ற மின்சாரத்தில் அசையும் துண்டு அழுத்தித் தள்ளும். எது நல்லது என்று சண்டை போட்டால் விடிந்துவிடும். கேட்க வேண்டியது வேறு: ஹெட் போனால் நானே கழற்றி மாட்டலாமா, எஞ்சினியர் வர வேண்டுமா? விலை என்ன? வாங்குவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

2024 ஜூலை 4

இன்னொன்று. புது மிஷினோடு வரும் இங்க் பல மிஷின்களில் முழு அளவு இருக்காது. அதிலும் ஒரு பங்கு குழாயையும் ஹெட்டையும் நிரப்பப் போய்விடும். முதல் மாதமே இங்க் தீர்ந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று குதிக்காதீர்கள். நான் குதித்திருக்கிறேன்.

2024 ஜூலை 24

இரண்டு நாள் முன்பு தமிழக அரசின் கட்டட அனுமதிக்கான சுயசான்று திட்டம் தொடங்கிவிட்டது. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம் என்றால் ஆன்லைனிலேயே போட்டு உடனே அனுமதி எடுத்துக்கொள்ளலாம். என் வேலையில் முக்கால்வாசி அந்த அளவுக்குள்தான்.

அப்படியானால் பிளாட்டர் எதற்கு என்று நேற்று இரவு படுக்கையில் தோன்றியது. முன்பெல்லாம் ஒரு ஃபைலுக்கு எத்தனை காப்பி எடுத்துக் கையெழுத்து வாங்கியிருப்பேன்! இனி பி.டி.எஃப். போதும். காலையில் மனது மாறியது. சைட்டில் மேஸ்திரிக்கும் கம்பி கட்டுபவருக்கும் தாள்தான். ஃபோனில் அனுப்பினால் பெரிசாக்கிப் பார்க்கிறேன் என்று ஒரு மூலையை மட்டும் பார்ப்பார்கள். போன மாதம் ஒரு இடத்தில் தூணில் எட்டுக் கம்பிக்குப் பதில் ஆறு கட்டியிருந்தது அப்படித்தான்.

ஆனாலும் மாதம் நூறு என்ற கணக்கை எழுபது என்று திருத்திக்கொள்கிறேன். 3,500 தாளுக்கு இப்போது 50 மாதம்.

2024 ஆகஸ்ட் 18

ஸ்கேனர். நொந்துபோய் எழுதுகிறேன்.

ஒரு வாடிக்கையாளர் தாத்தா காலத்துக் கிராம வரைபடம் கொண்டுவந்தார். துணி ஒட்டியது, ஓரத்தில் 16 அங்குலம் ஒரு மைல் என்று போட்டிருக்கிறது. மைலுக்கு 63,360 அங்குலம், 16-ஆல் வகுத்தால் 3960. ஆக 1:3960. கடையில் கொடுத்து ஸ்கேன் எடுத்து, டிராயிங் மென்பொருளான ஆட்டோகேடில் போட்டேன். அந்த மேப்பில் உள்ள இரண்டு தியோடலைட் கல் (சர்வே அடையாளக் கல்) இன்றும் நிலத்தில் நிற்கின்றன. டோட்டல் ஸ்டேஷன் என்ற சர்வே கருவியால் புள்ளி புள்ளியாக அளந்து பார்த்த தூரம் 2,380 மீட்டர். மேப்பில் அது 601 மி.மீ. வர வேண்டும். ஸ்கேனில் 598.

மூணு மி.மீ. தானே என்று நினைக்காதீர்கள். 3960-ஆல் பெருக்குங்கள்: 12 மீட்டர், 39 அடி. ஒரு வண்டிப்பாதையே வரப்பு தாண்டிப் போய்விடும்.

காரணம் வெளிப்படை. கடையில் இருப்பது தாளை உருளையால் இழுக்கும் ஸ்கேனர். சி.ஐ.எஸ். வகை, சென்சார் கண்ணாடியை ஒட்டியே வரிசையாக இருக்கும். தாள் கண்ணாடியில் படிந்தால் பளிச், மடிப்பில் கொஞ்சம் தூக்கினாலும் மங்கல். துணி ஒட்டிய மேப் உருளையில் வழுக்கியிருக்கிறது. லென்சும் கேமராவும் தள்ளி நின்று பார்க்கும் சி.சி.டி. வகையாக இருந்தால் மடிப்பையாவது பொறுத்துக்கொள்ளும், விலைதான் பொறுக்காது.

கடைக்காரரிடம் போய்க் கத்திவிட்டு வந்தேன். 12 வருடப் பழக்கம்.

2024 ஆகஸ்ட் 20

தலை குனிந்து எழுதுகிறேன்.

காலையில் பல் தேய்க்கும்போது உறைத்தது. தாள் வழுக்கினால் என்ன ஆகும்? உருளை சுற்றும், தாள் நகராது, அதே இடத்தையே ஸ்கேனர் மறுபடி படிக்கும். படம் நீளும். எனக்கு வந்ததோ குறைந்து. வழுக்கலால் இது வரவே முடியாது.

ஒரிஜினல் மேப்பை மேசையில் விரித்து, நாலு மூலையிலும் புத்தகத்தை வைத்து, ஒரு மீட்டர் ஸ்டீல் ஸ்கேலால் அளந்தேன். 598. ஸ்கேனர் ஒரு நூல்கூடப் பிசகாமல் எடுத்திருக்கிறது. சுருங்கியது மேப்தான். எத்தனை வெயில், எத்தனை மழை, பரணில் எத்தனை வருடம்!

இதை முதலில் செய்திருக்க வேண்டும். ஸ்கேன் கொடுக்கும் முன் ஒரிஜினலில் நீளவாட்டில் ஒன்று, அகலவாட்டில் ஒன்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு யார் மேல் பழி என்பது இரண்டு நிமிடத்தில் தெரியும். பேப்பர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சுருங்காது, என்னுடையது அகலத்தில் கிட்டத்தட்ட சரியாகவே இருந்தது. அதனால் ஆட்டோகேடில் இரண்டு புள்ளியைப் பிடித்து ஸ்கேல் செய்தால் ஒரு பக்கம் சரியாகி மறுபக்கம் கெடும். கியூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில், மேப்பை நிலத்தோடு பொருத்தும் ஜியோரெஃபரன்சரைத் திறந்து, நிலத்தில் கல் இருக்கிற நாலைந்து புள்ளி கொடுத்து, பாலினாமியல் 1 என்ற முறையைப் போட்டேன். அது இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக இழுத்துக்கொள்ளும். வண்டிப்பாதை வீடு திரும்பியது.

கடைக்கு அரைக் கிலோ அல்வாவோடு போனேன். "ஸ்கேனர் அல்வா சாப்பிடாதுங்க" என்றார். கோபம் முழுதாகப் போகவில்லை.

2024 ஆகஸ்ட் 31

ஜூன் 9-ல் ஸ்கேனரோடு வாங்குங்கள் என்று எழுதினேனே, அதை வாபஸ் வாங்குகிறேன்.

பில் புத்தகத்தில் மறுபடி எண்ணினேன். ஒரு வருடத்தில் பெரிய தாள் ஸ்கேன் எடுத்தது 23. புல வரைபடம் எல்லாம் இப்போது அரசு இணையதளத்திலேயே எடுத்துக்கொள்கிறோம். மிச்சம் பழைய டிரேசிங், பழைய மேப். இந்த 23-க்காக லட்சக்கணக்கில் போடுவதில் அர்த்தம் இல்லை. தவிர, ஸ்கேனரும் பிரிண்டரும் ஒரே உடம்பாக இருந்தால் ஹெட் அடைத்துச் சர்வீசுக்குப் போகும்போது ஸ்கேனரும் கூடவே போகும். ஒரே சர்வீஸ் என்று நான் சொன்னதன் மறுபக்கம் இது.

இன்னொரு விஷயம், பழைய டிரேசிங் ஷீட் அப்பளம் மாதிரி. உருளையில் நேராக விடாதீர்கள். கடைகளில் கண்ணாடி போல ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும், அதற்குள் வைத்து விடச் சொல்லுங்கள். அது இல்லாத கடையில் கொடுக்காதீர்கள்.

2024 செப்டம்பர் 6

"ஸ்கேனை 600 டி.பி.ஐ.-ல் (அங்குலத்துக்கு 600 புள்ளி) எடுக்கவா?" என்று கேட்டவருக்கு – வேண்டாம். ஏ0 தாளை 300-ல் எடுத்தால் 9,933-க்கு 14,043 புள்ளி. கலரில் சுருக்காமல் வைத்தால் 418 எம்.பி. 600 என்றால் நாலு மடங்கு, 1.67 ஜி.பி. உங்கள் டிராஃப்ட்ஸ்மேன் திறந்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். அதே 300-ல் வெறும் கறுப்பு வெள்ளை என்றால் 17 எம்.பி., சுருக்கினால் இன்னும் எவ்வளவோ குறையும். கோட்டு டிராயிங்குக்கு 300 தாராளம். பழைய மேப்பில் கலர் எல்லைக் கோடு இருந்தால் மட்டும் கலர்.

ஸ்கேனர் விளம்பரத்தில் 9600 என்றெல்லாம் போடுவார்கள். ஆப்டிக்கல், அதாவது சென்சார் நிஜமாகவே பார்ப்பது எவ்வளவு என்று கேளுங்கள். மிச்சம் எல்லாம் கணக்கில் ஊதியது.

2024 அக்டோபர் 14

வாங்கிவிட்டேன். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் இறங்கியது. 24 இன்ச், ஸ்கேனர் இல்லை.

எது என்று கேட்பீர்கள். எச்.பி. டி250, கேனன் டி.சி.20, எப்சன் டி3130எக்ஸ் என்று மூன்றில் வந்து நின்றேன். முதலாவது கார்ட்ரிட்ஜ், மற்ற இரண்டும் பாட்டிலில் ஊற்றுவது. மூன்றில் ஒன்று. எது என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் அதையே வாங்குவீர்கள், திருவாரூருக்கு அதைப் பார்க்க ஆள் வருவாரா என்று எனக்குத் தெரியாது.

நான் முடிவு செய்தது இப்படி. மூணு டீலரிடமும் ஒரே கேள்வி: "புதன்கிழமை மதியம் மிஷின் நின்றுபோனால் யார் வருவார், எங்கிருந்து?" ஒருவர் கால் சென்டர் நம்பர் கொடுத்தார். ஒருவர் மிஷினை மதுரைக்குக் கொண்டுவரச் சொன்னார். முப்பது கிலோவை ஒட்டிய சாமானை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்தா கொண்டுபோவது? மூணாமவர், "நம்ம ஆள் மதுரையில இருந்து வாரத்துக்கு ரெண்டு நாள் திண்டுக்கல் வர்றார், நம்பரை எழுதிக்கோங்க" என்றார். வெளியே வந்து அந்த நம்பருக்கு அடித்தேன். எடுத்தார். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது, ஒட்டன்சத்திரத்தில் ஒரு மிஷினைப் பார்த்துவிட்டு வருகிறாராம். அங்கேயே முடிந்தது.

வாரண்டி தாளில் "ஆன்சைட்" (நம் இடத்துக்கே வந்து பார்ப்பது) என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்டும் அதில் அடங்குமா என்றும்.

2024 அக்டோபர் 15

பிளாட்டர் வருவதற்கு முந்தைய அம்மோனியா பிரிண்ட் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். ஆமாம், நான் வேலை கற்றுக்கொண்ட ஆபீசில் இருந்தது. டிரேசிங் தாளில் ரோட்ரிங் இங்க் பேனாவால் போட்டு, தப்பானால் பிளேடால் சுரண்டி, அம்மோனியாவில் காட்டி எடுப்போம். கண் எரியும். மதியம் சாப்பாட்டுக் கூடையைத் திறந்தால் ரசத்திலும் அந்த வாடை. ஆனால் ஒன்று, பதினோரு நாள் லீவு போட்டால் அது கோபித்துக்கொள்ளாது.

2024 நவம்பர் 19

மழை. ரோலை மிஷினிலேயே விட்டிருந்தேன், மூணு நாள் ஈரத்தில் முதல் மூணு தாள் அலை அலையாக வந்தது. இப்போது சாயங்காலம் ரோலைக் கழற்றி அதன் பிளாஸ்டிக் பையிலேயே போட்டு அலமாரியில் வைக்கிறோம். மிஷினுக்குத் துணி மூடியும் போட்டாயிற்று. ஈரத்துக்காக அல்ல, பல்லிக்காக. ரோல் மூடிக்குள் ஒன்று குடித்தனம் வைத்திருந்தது.

ரோல் வாங்கும்போது நடுக்குழாயைப் பாருங்கள். 2 அங்குலமும் இருக்கிறது, 3 அங்குலமும் இருக்கிறது. மலிவு என்று நாலு ரோல் வாங்கிவந்தான் பையன், நாலும் 3 அங்குலம். எங்கள் மிஷினுக்கு 2.

இன்னொன்று, எல்லோரும் செய்யுங்கள். 500 மி.மீ.-க்கு ஒரு கோடு போட்டு, அடித்து, ஸ்டீல் ஸ்கேலால் அளங்கள். இந்த மிஷின்கள் 0.1 சதவீதம் என்று சொல்வதால் அரை மி.மீ. வரை மன்னிக்கலாம். எனக்கு முதலில் வந்தது 485! மிஷின் மேல் பாய்வதற்குள் ஆகஸ்ட் மாதம் ஞாபகம் வந்து உட்கார்ந்துவிட்டேன். பி.டி.எஃப். திறக்கும் மென்பொருளில் "தாளுக்குப் பொருத்து" என்று டிக் ஆகியிருந்தது, 97 சதவீதம். எடுத்துவிட்டு அடித்தால் 499.8.

2025 ஜனவரி 20

பொங்கல் லீவு ஆறு நாள். மிஷினை அணைக்கவில்லை. சுவிட்சுக்கு மேல் செல்லோடேப் ஒட்டி "கை வைத்தால் கை இருக்காது" என்று எழுதிவிட்டுப் போனேன். வந்து முதல் தாள் சுத்தம்.

2025 மார்ச் 8

தம்பி, நீங்கள் 36 இன்ச்சே வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள், ஸ்கேனர் இல்லாமல். லேஅவுட் வேலை இவ்வளவு வந்தால் அது சரிதான். தஞ்சாவூரிலிருந்து ஆள் வருகிறார் என்றால் இன்னும் நல்லது. 500 மி.மீ. கோடு அடித்துப் பார்த்தீர்களா? எவ்வளவு வந்தது?